கொக்கியும் எல்லையும்: காரைக்கால் இருப்புப்பாதையில் இணைப்பிகளின் வரலாறு

ஓர் இருப்புப்பாதை நிர்வாகம் தன் இன்ஜின்களின் கொதிகலனையோ டீசல் பொறியையோ பிறரைக் கேளாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரு வண்டிகளைக் கோத்து இழுவிசையைக் கடத்தும் கப்ளர் என்னும் இணைப்பியை மாற்ற வேண்டுமானால், அந்த இன்ஜின் எவற்றோடெல்லாம் சேர்ந்து ஓட வேண்டுமோ அவை அனைத்தின் இணைப்பிகளும் அதற்கு இசைய வேண்டும். கிழக்கே வங்கக் கடலும் மற்றைய திசைகளில் தஞ்சை மாவட்டமும் சூழ, 1739 முதல் 1954 வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் ரயில் வரலாறு இந்த விதிக்குத் தெளிவான சான்றாகும்.

மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு, தஞ்சை மாவட்ட வாரியத்தின் பொருளுதவியோடு 1894இல் திறக்கப்பட்ட பாதையில் பேரளம் ஒரு நிலையமாக அமைந்தது. அங்கிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்குச் செல்லும் ஏறத்தாழ 23.5 கிலோமீட்டர் நீளக் கிளைப்பாதை 1898இல் போக்குவரத்துக்கு வந்தது. அதன் உரிமை பிரெஞ்சு அரசிடமும், வண்டிகளை இயக்கும் பொறுப்பு ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடமும் இருந்தன. எனவே தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர் கொண்ட மீட்டர் கேஜ் முறையையும் அதற்குரிய இணைப்பியையும் தவிர வேறெதையும் தேர்ந்துகொள்ள அங்கு இடமிருக்கவில்லை. எல்லையில் கொடியும் சுங்கமும் மாறினாலும் பேரளத்தில் கோத்த வேகன் கோத்தபடியே காரைக்கால் வரை வந்து சேர்ந்தது.

மீட்டர் கேஜ் வண்டியில், மோதலைத் தாங்கும் பஃபர் வண்டியின் முகப்பில் நடுவே ஒன்று மட்டுமே இருக்கும். அதன் பிளவில் பொருத்தப்பட்ட இரும்புக் கொக்கியைத் தூக்கி, எதிர் வண்டியின் பஃபருக்குள் குறுக்காக நிற்கும் முளையின்மேல் விழச் செய்வதே கோக்கும் முறை. அகலப்பாதையில் வழங்கிய முறை வேறு. அதில் இருபுறமும் இரண்டு பஃபர்களும் நடுவே ஒரு கொக்கியும் இருக்க, இரு வண்டிகளுக்கும் இடையே நுழையும் தொழிலாளி கனத்த இரும்பு வளையத்தைத் தூக்கி எதிர்க் கொக்கியில் மாட்டி, திருகைச் சுற்றி இறுக்க வேண்டும். இதற்குத் திருகு இணைப்பு, அதாவது ஸ்க்ரூ கப்ளிங், என்று பெயர். வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் நடக்கும் இடங்களில் தொழிலாளர் நசுங்கி இறப்பதும் கைவிரல்களை இழப்பதும் இத்தகைய இணைப்புகள் வழங்கிய எல்லா நாடுகளிலும் நிகழ்ந்தன. அமெரிக்காவில் ஈலை ஜேனி 1873இல் காப்புரிமை பெற்ற, மடக்கிய விரல்களைப் போல ஒன்றையொன்று பற்றும் தானியங்கி இணைப்பியின் வழிவந்த வகைகள் அங்கு நிலைபெற, 1893இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டமே காரணமாயிற்று.

அந்த வகையே சென்டர் பஃபர் கப்ளர், சுருக்கமாகச் சி.பி.சி., என்ற பெயரில் இந்திய அகலப்பாதையின் பாக்ஸ் வகைச் சரக்கு வேகன்களில் 1960ஐ ஒட்டி இடம்பெற்றது. நீண்ட, கனத்த சரக்கு வண்டிகளின் இழுவிசையைத் திருகு இணைப்பு தாங்காது என்பதே இதற்கு முதன்மைக் காரணம். ஆயினும் பயணிகள் பெட்டிகளும் பழைய வேகன்களும் திருகு முறையிலேயே தொடர்ந்ததால், 1962 முதல் வந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின்களுக்கு இரண்டு உலகங்களோடும் சேர வேண்டிய தேவை ஏற்பட்டது. அவற்றின் முகப்பில் சி.பி.சி.யும் இரு பக்கப் பஃபர்களும் ஒருங்கே வைக்கப்பட்டன; சி.பி.சி.யின் மடங்கும் பகுதியில் ஒரு பிளவு விடப்பட்டு, அதில் முளையாணியால் திருகு இணைப்பைத் தொங்கவிட வழி செய்யப்பட்டது. இடைமாற்று இணைப்பி எனத்தக்க இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018இல் தன் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தியை நிறுத்தி, சி.பி.சி. கொண்ட எல்.எச்.பி. பெட்டிகளுக்கு மாறிய பின்னரே அதன் தேவை குறையத் தொடங்கியது.

காரைக்கால் இந்த இடைக்காலத்தின் ஒரு பகுதியில் ரயில் இல்லாத ஊராக இருந்தது. பேரளம் கிளைப்பாதை 1980களின் பிற்பகுதியில் மூடப்பட, 2011 டிசம்பரில் தெற்கே நாகூரிலிருந்து அகலப்பாதையாகவே ரயில் திரும்பி வந்தது. 2009இல் இயங்கத் தொடங்கிய காரைக்காலின் வாஞ்சூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அனல்மின் நிலையங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பாக்ஸ்என் வேகன்களில் செல்கிறது. சரக்கோடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 81 டன் எடையுள்ள வேகன்கள் ஐம்பத்தெட்டு வரை சேரும் இத்தகைய வண்டியின் எடை 4,700 டன்னை எட்டும்; சி.பி.சி. இல்லாமல் இதை ஓட்ட இயலாது.

இணைப்பியின் உயரமும் பொது விதிக்கு உட்பட்டதே. இந்திய அகலப்பாதையில் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து அது 1,105 மில்லிமீட்டருக்கு மிகாமலும், பாரம் ஏறிய நிலையில் 1,030 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். உண்மையான ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. வகை மாதிரி ரயில்களிலும் இதே பாடம் மீண்டும் படிக்கப்பட்டது. 1950கள் முதல் அமெரிக்க மாதிரிகளில் பரவிய கொம்புக் கொக்கி பின்னோக்கித் தள்ளும்போது பக்கவாட்டில் அழுத்தி வண்டியைத் தடம்புரளச் செய்ததால், ஆர்வலர்கள் அதைக் கழற்றிவிட்டு, ஓரிகான் மாநிலத்தின் கேடீ நிறுவனம் உருவாக்கிய, காந்தத்தால் பிரியும் இணைப்பியைப் பொருத்தினர். டீசல் இன்ஜினின் மேற்கூட்டைக் கழற்றி, இணைப்பிப் பெட்டியின் திருகாணியை நீக்கி, புதியதை வைத்தபின் அதன் நடுப்புள்ளி தண்டவாளத்திலிருந்து சுமார் 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்று அளவியால் சரிபார்ப்பது வழக்கம். சேகரிப்பு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற இயலாதவர்கள், ஒரு முனையில் பழையதும் மறுமுனையில் புதியதும் கொண்ட வேகனை இடையில் வைத்தனர். இந்திய ரயில்வே தன் டீசல் இன்ஜினில் செய்துகொண்ட ஏற்பாட்டின் சிற்றுருவே அது.

இப்போது பேரளம்–காரைக்கால் பாதையும் அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது. 1898இலும் இன்றும் இந்த மண்ணில் ஓடும் வண்டி எந்தக் கொக்கியைத் தாங்க வேண்டும் என்பது காரைக்காலில் தீர்மானிக்கப்படவில்லை. முன்பு அதை விதித்தது மாயவரம் பாதையின் மீட்டர் கேஜ். இப்போது அதை விதிப்பவை நிலக்கரியின் எடையும் அகலப்பாதையின் பொது அளவும். ஆட்சியெல்லை வரிக்கும் சட்டத்துக்கும் வேலியாகலாம். ஆனால் அடுத்த ஊரின் வண்டியோடு சேர விரும்பும் சிற்றூர், அந்த வண்டியின் இணைப்பியையே தனதாக ஏற்க வேண்டியிருந்தது.