மூடை தூக்கும் மாதமும் டெட்லிஃப்ட் கிழமையும்

நிலத்தில் கிடக்கும் பாரத்தைக் குனிந்து எடுத்து நிமிர்வது வன்னிக்குப் புதிய வேலை அல்ல. அதைக் கிழமையில் ஒரு நாளுக்கென்று ஒதுக்கி, மற்ற நாட்களில் நாரிக்கு ஓய்வு கொடுக்கும் ஒழுங்குதான் புதியது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஜிம்முக்குப் போகும் இளைஞர், டெட்லிஃப்டை முதுகுக்கான நாளில் செய்வதா, காலுக்கான நாளில் செய்வதா என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். இந்த மண்ணில் பாரம் தூக்கும் காலத்தைத் தீர்மானித்தது கிழமை அல்ல, போகம். போகத்தைக் கணக்கில் எடுக்காத அட்டவணை வயல்காரக் குடும்பத்துப் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்தாது.

வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கும் காலபோகம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை அரிவி வெட்டுக்கு வரும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களில் தண்ணீர் மிஞ்சியிருந்தால், அவற்றின் கீழ் சித்திரைக்குப் பிறகு சிறுபோகம். மெசின் வராத காலத்தில் அறுவடைப் பாரம் படிப்படியாகவே உடம்பில் ஏறியது. குனிந்து வெட்டுவது, உப்பட்டிகளைச் சேர்த்துக் கட்டுவது, கட்டைத் தலையில் சுமந்து சூடு வைப்பது, எருமை கொண்டோ பின்னாளில் உழவு மெசின் கொண்டோ சூடு அடிப்பது, தூற்றுவது, எல்லாம் முடிந்த பிறகே மூடை. வெட்டுக்கும் மூடைக்கும் நடுவே சூடு நாட்கணக்கில் காத்திருக்கும். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால், காலையில் நின்ற பயிர் மாலைக்குள் நெல்லாகிவிடுகிறது. வெட்டும் வேலையை மெசின் எடுத்துக்கொண்டது. தூக்கும் வேலையையோ மனிதனுக்கே விட்டுவைத்து, சில நாட்களுக்குள் நெருக்கியும் விட்டது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. மூன்று புசல் கட்டிய மூடை 60 கிலோவைத் தாண்டும். ஓர் ஆண் தொழிலாளி கையால் தூக்கிச் சுமக்கும் பாரத்தை 55 கிலோவுக்குக் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு பரிந்துரைத்தது 1967 இல்.

கிழமைக் கணக்கு வந்த வழி வேறு. அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம், காயப்பட்ட படையினருக்குச் சிக்காகோவில் பாரம் கொடுத்துத் தசையை மீட்ட முறையை 1945 இல் எழுதினார். நோயாளியால் எவ்வளவு தூக்க முடிகிறது என்று கிழமைக்கு ஒருமுறை அளந்து, அடுத்த கிழமைக்கான எடையை அவர் நிர்ணயித்தார். 1976 இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் ஸ்டார் தம் நூலில், கிழமையின் மூன்று பயிற்சி நாட்களைக் கூடிய எடை, குறைந்த எடை, இடைப்பட்ட எடை என்று பிரித்தார். இவை ஆஸ்பத்திரியின், பள்ளிக்கூடத்தின், கந்தோரின் கிழமையை ஒட்டி எழுந்தவை. தசைக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. ஓய்வு ஏழு நாளுக்கு ஒருமுறைதான் வரவேண்டும் என்பதில்லை, இலங்கையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1966 முதல் 1971 வரை அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு நிலைகளையும் ஒட்டிய போயா நாட்களை விடுமுறையாக்கியது. ஓய்வுக்கும் ஓய்வுக்கும் இடையிலான நாட்கள் மாதத்துக்குள்ளேயே கூடிக் குறைந்தன. நாடு முழுவதும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கணக்கில் வேலை செய்தது.

மூடை தூக்குவதும் டெட்லிஃப்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. மூடைக்கு இருவர் எதிரெதிரே நின்று, சாக்கின் மேல்மூலையில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் கொடுத்து ஒரே மூச்சில் உயர்த்த, மூன்றாமவர் முதுகைக் கொடுத்து வாங்குவார். டெட்லிஃப்டில் ஒருவரே நீட்டிய கைகளால் இரும்புக் கம்பியைப் பிடித்து நிமிர்கிறார். பிடி வேறு, பாதை வேறு. ஆனால் குனிந்த உடம்பை நிமிர்த்துவது இரண்டிலும் இடுப்பும் நாரியும்தான், களைப்பும் அங்கேதான் சேர்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: சுமை தூக்கும் நாட்டாமைகள் ஆண்டு முழுவதும் அன்றாடம் மூடை சுமக்கிறார்களே, அவர்களுக்கு எந்த அட்டவணை இருந்தது? அவர்கள் தூக்கும் எடை பெரும்பாலும் மாறாதது, தங்களால் ஒருமுறை தூக்கக்கூடிய உச்சத்துக்குக் கீழானது. வலுதூக்கல்காரர் அந்த உச்சத்தையே நோக்கி எடையைக் கூட்டிக்கொண்டு போகிறார், அதனால் அவருக்கு இடைவெளி தேவை. அன்றாடம் சுமந்தவர்களில் பலர் நாரி நோவோடுதான் முதுமைக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வு கொடுக்காததை அவர்களுடைய பலத்துக்குச் சான்றாக்குவது நியாயமல்ல.

ஆகவே வழக்கமான மாதங்களில், கூடிய எடை டெட்லிஃப்டைக் கிழமைக்கு ஒருமுறை வைத்தால் போதும். ஸ்குவாட்டும் அதே நாரியைத்தான் களைக்க வைக்கிறது. எனவே இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது நல்லது, இல்லாவிட்டால் நடுவே இரண்டு மூன்று நாட்கள் விட வேண்டும். நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நின்ற பின்னேரத்தில் உச்ச எடையைத் தொடக்கூடாது. அறுவடை தொடங்கியதும் கூடிய எடை நாளை முழுதாக நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களில் மூடையே பயிற்சி. 2009 இல் முடிந்த போரின் குண்டுச் சிதறல்களை இன்னும் உடம்பில் சுமப்பவர்களுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. டிலோர்ம் செய்ததைப் போல அளந்து அளந்துதான் எடை கூட்ட வேண்டும், அதுவும் மருத்துவரைக் கேட்ட பிறகே. பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: தை மாதத்தில் புதிதாக ஒருவர் வந்தால், எத்தனை கிலோ தூக்குவீர் என்று கேட்பதற்கு முன், வீட்டில் எத்தனை ஏக்கர் வயல், வெட்டு எப்போது என்று கேளுங்கள்.