காசநோயும் போசணையும்

நாட்பட்ட சுவாசப்பைத் தொற்றுள்ள ஒருவர் பிழைப்பாரா என்பதில் கிருமிக்கும் மருந்துக்கும் உள்ள பங்கு அவருடைய உடல் நிறைக்கும் உண்டு. இத்தகைய தொற்றுகளில் தமிழர் வாழும் நிலங்களில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது காசநோய். யாழ்ப்பாணத்தில் இதைக் கசம் என்பார்கள், சயரோகம் என்பார்கள். சயம் என்றால் தேய்தல். ஆள் உருகிப்போவதைப் பார்த்துத்தான் முன்னோர் நோய்க்கே பெயர் வைத்தார்கள். மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின் அந்தத் தேய்வு நோயின் வெறும் அடையாளமாகக் கருதப்பட்டது. அதுவே ஆளைக் கொல்லும் காரணங்களில் ஒன்று என்பது மறுபடி உறுதிப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

உடல் உருகும் விதம்

காசநோய்க் கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் பசியை அடக்குகின்றன. காய்ச்சல் எரிசக்தியைத் தின்கிறது. தசைப் புரதம் கரைகிறது. சாப்பாடு குறையும் நாள்களிலேயே செலவு கூடுகிறது. கரையும் தசைகளில் விலா இடைத் தசைகளும் உதரவிதானமும் அடங்கும் என்பதால் மூச்சு மேலோட்டமாகிறது, இருமிச் சளியை வெளியேற்றும் பலமும் போகிறது. கிருமியை அடக்கிவைக்கும் வெண்குருதிக் கலங்களும் போசணை இன்றி எண்ணிக்கையிலும் திறனிலும் குறைகின்றன. ஆகவே இது இரு வழிப் பாதை: நோய் மெலியவைக்கிறது, மெலிவு நோயை வரவழைக்கிறது. உடல் திணிவுச் சுட்டி ஓர் அலகு குறையும்போது காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 வீதம் கூடுவதாகப் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2010இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது.

இந்தச் சுட்டி கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது. 160 செ.மீ. உயரமுள்ளவர் 47 கிலோவுக்குக் கீழே போனால் 18.5 என்ற எல்லைக்குக் கீழ் வருகிறார். 41 கிலோவில் சுட்டி 16. 36 கிலோவில் 14. கடைசி எண்ணில் மருந்து மட்டும் ஆளைக் காப்பாற்றும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

சனற்றோரியக் காலம்

காங்கேசன்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், கீரிமலைக்கு அருகே, 1905இல் கொழும்போடு தொடருந்துப் பாதையால் இணைந்த துறைமுக ஊர். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையில் காசநோயாளருக்கென நடந்த சில சனற்றோரியங்களில் ஒன்று இங்கே இருந்தது. சீமெந்து ஆலையும் கலங்கரை விளக்கமும் நினைவுக்கு வரும் அளவுக்கு அந்தச் சனற்றோரியம் இன்று பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. சனற்றோரியம் என்ற எண்ணம் 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமரிடம் தொடங்கியது. திறந்த காற்று, ஓய்வு, நிறைந்த சாப்பாடு ஆகிய மூன்றுமே அதன் முழு மருத்துவம். கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லாத காலத்தில் பாலும் முட்டையும் மீனெண்ணெயுமே மருந்துச் சீட்டில் இடம்பெற்றன.

தமிழர் நடுவே இம்முறைக்குப் பெரும் முகமாக இருந்தவர் மருத்துவர் சவரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சனற்றோரியம் நடத்திய அவர் 1928இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். அந்த இடத்தின் தொடருந்து நிலையம் இன்றும் சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது. கணித மேதை இராமானுஜன் 1917இல் காசநோயாளராகக் கருதப்பட்டு மெண்டிப்பில் இவரிடம் சிகிச்சை பெற்றார். போர்க்காலத் தட்டுப்பாட்டில், மரக்கறி உணவு மட்டுமே உண்ட இராமானுஜன் சரியான சாப்பாடின்றி மெலிந்திருந்தார். அவருக்கு வந்தது காசநோய்தானா என்பதில் பிற்கால மருத்துவர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். அவர் பட்டினி கிடந்த உடலோடு நோயை எதிர்கொண்டார் என்பதில் ஐயமில்லை.

சென்னை ஆய்வு

1943இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிட்டும் வந்தன. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபொக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வு, நகரத்து ஏழை நோயாளர் 193 பேரை இரு கூறாக்கியது. ஒரு கூற்றினர் சனற்றோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் ஓராண்டு மருந்து எடுத்தனர். மறு கூற்றினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டோடு, அதே மருந்தை எடுத்தனர். 1959இல் வெளியான முடிவு உலகின் பார்வையையே திருப்பியது: சளியில் கிருமி மறைந்த அளவு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. வீட்டார் தொற்றுக்கு ஆளான அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. சனற்றோரியத்தில் இருந்தவர்களின் நிறை மட்டும் கூடுதலாக ஏறியது.

கோடிக்கணக்கான ஏழைகளை வீட்டிலேயே குணமாக்கலாம் என்று காட்டிய இந்த ஆய்வு மனித குலத்துக்குக் கிடைத்த பெரிய கொடை. அதன் பின் சனற்றோரியங்கள் உலகெங்கும் மூடப்பட்டன. அது சரியான முடிவுதான். ஆனால் கட்டடத்தோடு சேர்த்து அதன் சமையலறையையும் மறந்தது தவறு. கிருமி ஒழிகிறதா என்பதே ஆய்வின் கேள்வி. எலும்பும் தோலுமாக வருபவர் மருந்து வேலைசெய்யும் வரை உயிரோடிருப்பாரா என்பது வேறு கேள்வி.

ஜார்க்கண்ட் ஆய்வு

அந்த இரண்டாம் கேள்விக்கு விடை 2023இல் வந்தது. சென்னை மையத்தின் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ரேஷன்ஸ் என்ற ஆய்வை நடத்தினர். 2,800 நோயாளருக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொதியும் விற்றமின் குளிசைகளும் ஆறு மாதம் வழங்கப்பட்டன. பொதியில் அரிசி, பருப்பு, பால்மா, எண்ணெய். நாளொன்றுக்கு 1,200 கிலோகலோரியும் 52 கிராம் புரதமும் கூடுதலாகச் சேரும். வந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் போசணை குன்றியோர். சராசரிச் சுட்டி 16.4. முதல் இரு மாதங்களில் நிறை 5 வீதம் ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 வீதம் குறைவாக இருந்தது.

நோயாளர் வீடுகளில் இருந்த 10,345 பேரைப் பற்றிய கண்டறிவு இன்னும் வியப்பானது. ஒரு பகுதிக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுக்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 வீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான வகை 48 வீதம் குறைந்தது. பருப்பும் சோறும் தடுப்பூசி செய்யும் வேலையைச் செய்தன என்பது மிகைக்கூற்று அல்ல.

பிற நாட்பட்ட தொற்றுகள்

காசநோயைச் சாராத மைக்கோபாக்டீரியத் தொற்று மெலிந்த உடல்வாகுடைய மூத்த பெண்களை அதிகம் பிடிக்கிறது. குறைந்த சுட்டி உள்ளோரே விரைவில் இறக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் சுவாசப்பைத் தொற்று வாழ்நாள் முழுதும் தொடரும். 1988இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் பொஸ்டன் நோயாளரின் இடைநிலை ஆயுள் 21 ஆண்டு, டொரொண்டோ நோயாளருக்கு 30. சுவாசப்பையின் செயற்பாடு இரு இடத்தும் ஏறத்தாழ ஒன்றே. டொரொண்டோவில் கொழுப்பு நிறைந்த உணவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். முக்கியமான வேறுபாடு அதுதான்.

இன்றைய நடைமுறை

தமிழ்நாடு 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் நிறை, உயரம், மூச்செண்ணிக்கை, குருதி ஒட்சிசன் அளவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்றும் கவனிக்கிறார்கள். சுட்டி 14 அல்லது அதற்குக் கீழே என்றால் உள்நோயாளராகச் சேர்க்க வேண்டியவராகக் கருதப்படுகிறார். சுட்டியை அறியத் தராசும் அளவுகோலும் போதும். ஆனால் அவை இதுவரை பல இடங்களில் மூலையில் கிடந்தன. இந்திய அரசு நோயாளருக்கு மாதம் 500 ரூபாவாக 2018இல் தொடங்கிய உணவு உதவியை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாவாக்கியது. இலங்கையில் சிகிச்சை மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்கள் வழியே இலவசம். அங்கு உணவு உதவியாக வழங்கப்படும் திரிபோஷா சத்துமா, தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் என வகுக்கப்பட்டது.

மிகவும் மெலிந்தவருக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. நெடுநாள் பட்டினியில் கிடந்த உடலுக்குத் திடீரென மாச்சத்து சேர்ந்தால் குருதியில் பொஸ்பேற்று சரிந்து இதயம் நிற்கக்கூடும். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஐசோனியசிட் விற்றமின் பி6ஐக் குறைப்பதால் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நீரிழிவும் காசமும் சேர்ந்தவருக்குச் சோற்றைக் குறைத்து முட்டை, பயறு, மீனைக் கூட்டுவது பொருந்தும்.

போரால் 1990 யூனில் காங்கேசன்துறையும் வலிகாமம் வடக்கும் மக்கள் வெளியேறி வெறிச்சோடின. அங்கிருந்த மயிலிட்டி மீனவரும் பலாலித் தோட்டக்காரரும் முகாம்களில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். காற்றோட்டமில்லாக் குடிசையும் புரதமில்லாத உணவும் சேரும் இடமே காசநோய்க்கு ஏற்ற இடம். கடலை இழந்தவர் வீட்டில் மீன் குறைந்ததை எந்தப் பதிவேடும் காட்டாது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மக்களிடம் திரும்பியது. சூடையும் நெத்தலியும் மறுபடி கரைக்கு வருகின்றன. முருங்கை வேலியில் நிற்கிறது. உழுந்தும் பயறும் சந்தையில் உண்டு. இவற்றை உண்டு, 40 கிலோவில் சிகிச்சை தொடங்கும் ஒருவர் இரண்டு மாதத்தில் 42 கிலோவைத் தொட வேண்டும்.