விண்மீனும் விசுவாசமும்

கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைப் பார்த்துத்தானே பெத்லகேம் வந்தார்கள், நாம் ஜாதகம் பார்த்தால் மட்டும் குற்றமா? கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு எழும்போது இப்படிக் கேட்பவர் உண்டு. முன்பு ஜோசியரைத் தேடி ஒளிந்து போக வேண்டியிருந்தது. இப்போது கைப்பேசிச் செயலியே ராசிபலனும் சொல்லி, மன அமைதிக்கு மூச்சுப் பயிற்சியும் கற்றுத் தருகிறது. கேள்வி மட்டும் மிகப் பழையது.

354-ல் வட ஆப்பிரிக்காவில் பிறந்த புனித அகுஸ்தீனார் இளமையில் ஜோதிடத்தில் மூழ்கியிருந்தவர். அவரை முதலில் தடுத்தவர் குருவானவர் அல்ல, விந்திசியானுஸ் என்ற வயதான வைத்தியர். அவர் தாமே பிழைப்புக்காக ஜோதிடம் படித்து, பொய் என்று கண்டு, மனிதரை ஏமாற்றிச் சோறு தின்ன மனமின்றி விட்டவர். அகுஸ்தீனார் அப்போது கேட்கவில்லை. பின்னர் பிர்மீனுஸ் என்ற நண்பர் ஒரு செய்தி சொன்னார். அவர் பிறந்த அதே நொடியில், தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. நேரத்தைக் குறித்து ஆள்விட்டுச் சரிபார்த்தார்கள். ஜாதகம் இரண்டும் ஒன்றே. பிர்மீனுஸ் செல்வத்திலும் மரியாதையிலும் வளர்ந்தார். அடிமையின் பிள்ளை அடிமையாகவே இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அகுஸ்தீனாரின் ஜோதிட நம்பிக்கையை முறித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற அவர் ஞானிகளின் விண்மீனைப் பற்றியும் எழுதினார். விண்மீன் தோன்றியதால் கிறிஸ்து பிறக்கவில்லை. கிறிஸ்து பிறந்ததால்தான் அது தோன்றியது என்பது அவர் விளக்கம்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் எல்லையை இன்னும் தெளிவாக வரைந்தார். கோள்கள் உடலையும் உடல் வழியாக உணர்ச்சிகளையும் தொடலாம், மனிதனின் சுயாதீனத்தைக் கட்ட மாட்டா என்றார். 1586-ல் பாப்பரசர் 5-ஆம் சிக்ஸ்துஸ் ஜோதிடத்தைக் கண்டித்தபோதும் உழவு, கடற்பயணம், மருத்துவம் இவற்றுக்காக வானத்தைப் பார்ப்பதைத் தடுக்கவில்லை.

உரோமாபுரியே தவறாமல் இப்படி நடந்தது என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. பாப்பரசர் 8-ஆம் உர்பானுஸ் கிரகணத்தால் தமக்கு ஆபத்து என்று அஞ்சி, 1628-ல் கம்பனெல்லா என்ற துறவியுடன் அறையை அடைத்துக்கொண்டு பரிகாரம் செய்தார். வெள்ளைத் துணி, நறுமணப் புகை, சூரிய சந்திரருக்கு இரண்டு விளக்கு, கோள்களுக்கு ஐந்து பந்தம்! 1630-ல் அவர் சாவார் என்று கணித்த மொராந்தி என்ற மடாதிபதி சிறையில் மாண்டார். மறு ஆண்டு உர்பானுஸ் பாப்பரசரின் சாவைக் கணிப்பதற்குக் கடும் தண்டனை விதித்தார். அவர் காலமானதோ 1644-ல்.

நம் ஊர்ப் பஞ்சாங்கத்துக்கு வருவோம். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை இராகுகாலம். எத்தனை ஆலயங்களில் அந்நேரம் திருப்பலி நடக்கிறது! வெள்ளிக்கிழமை 3 மணிக்குத் தொடங்குவது எமகண்டம். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட மணியும் அதுதான். அந்த மணியில் பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு மண்டியிடுகிற நாம், மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத் தயங்குவது எனக்கு விளங்காத காரியம். செவ்வாய் தோஷம் என்ற ஒரு சொல்லால் நல்ல பெண்ணை வேண்டாம் என்று விடும் வீடு, பிர்மீனுஸோடு பிறந்த அடிமைப் பிள்ளையை நினைத்துப் பார்க்கட்டும்.

1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2116-ஆம் எண்ணில் ஜாதகம், கைரேகை, சகுனம் அனைத்தையும் விலக்குகிறது. மூச்சுப் பயிற்சிக்கும் தியானத்துக்கும் இப்படி முழுத் தடை இல்லை. 1989-ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எழுதிய மடல், பிற மதங்களின் தியான முறைகளில் பயனுள்ளதை ஏற்கலாம் என்கிறது. ஆனால் உடலில் தோன்றும் இதமான உணர்வைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று மயங்கக் கூடாது என எச்சரிக்கிறது. ஆகவே முதுகை நிமிர்த்தி மூச்சை அடக்கிப் பழகி, பின் ஜெபமாலையை எடுப்பவரைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போ என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை. அதே செயலி அடுத்த பக்கத்தில் இன்றைய ராசிபலன் காட்டினால், அந்தப் பக்கம் 2116-ஆம் எண்ணில் சேரும்.