குறிப்பாயம் (வெப்எக்ஸ்ஆர்)

குறிப்பாயம் என்பது, உலாவியில் இயங்கும் மெய்நிகர் உண்மைச் செயலிகளில் பயனரின் தலை, கை ஆகியவற்றின் இடமும் திசையும் எப்புள்ளியிலிருந்து அளக்கப்படுகின்றன என்பதை வரையறுக்கும் ஆள்கூற்று முறைமை ஆகும். இது டபிள்யூ3சி அமைப்பின் வெப்எக்ஸ்ஆர் செந்தரத்தில் இடம்பெறுகிறது. பார்வை உயரம் பிறழ்தல், சுட்டும் கதிர் இலக்குத் தவறுதல் ஆகிய வழுக்கள் பலவும், ஓர் ஆயத்தில் அளந்த மதிப்பை வேறோர் ஆயத்தில் பயன்படுத்துவதால் தோன்றுகின்றன.

வகைகள்

அளவுகள் மீட்டரில் தரப்படுகின்றன. ஒய் அச்சு மேல்நோக்கியது.

* வியூவர் - தலையுடன் சேர்ந்து நகர்வது.
* லோக்கல் - அமர்வு தொடங்கும்போது தலை இருந்த இடத்திற்கு அருகே ஆதிப்புள்ளியைக் கொண்டது.
* லோக்கல்-ஃப்ளோர் - ஆதிப்புள்ளி தரையில் அமைவது. தரைமட்டம் அறியப்படாத கருவிகளில் உயரம் மதிப்பிடப்படும்.
* பவுண்டட்-ஃப்ளோர் - எல்லை வகுக்கப்பட்ட தரைப்பரப்பிற்கு உரியது.
* அன்பவுண்டட் - நெடுந்தொலைவு நடப்பதற்கு உரியது.

பார்வை உயரம்

லோக்கல் ஆயத்தில் கண்ணின் உயரம் தொடக்கத்தில் ஏறத்தாழ 0 ஆகும். காட்சியின் தரையும் 0 எனில், பயனர் கண்மட்டம் வரை புதைந்தது போல உணர்வார். லோக்கல்-ஃப்ளோர் ஆயத்தை அமர்வு தொடங்கும்போதே கோராவிடில் அது கிடைக்காது. நிரல் லோக்கல் ஆயத்திற்கு மாறினால் இவ்வழு தோன்றும்.

இதற்கு எதிரான வழுவும் உண்டு. கணினித் திரைக்கென ஏ-ஃபிரேம் நிரலகம் பார்வையை 1.6 மீட்டர் உயரத்தில் வைக்கிறது. நிரலர் இவ்வளவைத் தாய்ப்பொருளிலும் சேர்த்தால், தரையிலிருந்து அளந்த உயரத்துடன் அது கூடி, பயனர் 3 மீட்டருக்கு மேலிருந்து நோக்குவார்.

சக்கர நாற்காலியில் அமர்ந்தவரின் உயரம் குறைந்து காணப்படுவது வழு அன்று. அதுவே உண்மை அளவு. அவருக்கு எட்டும்படி பொருட்களை அமைப்பதே தகுந்த தீர்வாகும்.

சுட்டல்

கைக் கட்டுப்படுத்திக்குப் பிடி ஆயம், இலக்குக் கதிர் ஆயம் என இரண்டு உண்டு. முன்னது கையில் பிடித்த பொருளை வரைவதற்கும், பின்னது சுட்டுவதற்கும் உரியன. பிடி ஆயத்திலிருந்து கதிரை வரைந்தால் கோணம் பிறழும். 5 பாகைப் பிழை, 5 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் விலகலாகும். சிறிய பொத்தானை அழுத்த இயலாது. தாய்ப்பொருளை நகர்த்தியபின் அம்மாற்றத்தைக் கதிருக்குச் செலுத்தத் தவறுவதும் விலகலை உண்டாக்கும்.

வழுநீக்கம்

# ஆதிப்புள்ளியில் 1 மீட்டர் உயரக் கோல் ஒன்றை நட்டு, அது தரையில் நிற்கிறதா எனக் காணல்.
# பயனர் அமர்ந்தும் நின்றும் தலையின் ஒய் மதிப்பை ஒப்பிடல்.
# ஈராயங்களிலிருந்தும் வெவ்வேறு நிறக் கோடுகள் வரைதல்.
# தாய்ப்பொருளை ஆதிப்புள்ளியில், சுழற்சியின்றி வைத்தல். பிழை மறைந்தால், காரணம் தாய்ப்பொருளின் இடமாற்றமோ சுழற்சியோ ஆகும்.