முட்டை நாற்றமும் மூக்குக்குத் தெரியாத விஷமும்

அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்தில், சைலன்சர் புகையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் நம் திருப்பூரில் இருந்தார்கள். புகை கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் சிறிது நேரம் வெள்ளையாக வந்தால் வெறும் நீராவி; நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆனால் அழுகிய முட்டை நாற்றம் அவர்கள் படித்த பாடத்தில் இல்லை. அது பின்னால், ஒரு சட்டத்தோடு வந்தது.

கதை 1921-இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. இன்ஜின் 'டக் டக்' என்று அடித்துக்கொள்வதைத் தடுக்க, ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயக் கலவை ஒன்றைச் சேர்த்தார். இன்ஜின் அமைதியானது. உலகமே அந்த பெட்ரோலைத்தான் ஊற்றியது, நாமும் ஊற்றினோம். புகையோடு வெளியே வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். அதற்கு வாசனை கிடையாது என்பதால் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

நம் நாட்டில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய கண்டிப்புக்குப் பிறகு நிலைமை மாறியது. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. சைலன்சர் குழாயின் நடுவே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி அது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களை மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் அது கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துப்போகும். ஆகவே ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈய பெட்ரோல் நின்றது.

ஈயம் போனாலும் கந்தகம் போகவில்லை. அப்போது பெட்ரோலில் பத்து லட்சம் பங்குக்கு 1000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. அது எரிந்து கன்வெர்ட்டரில் தங்கும். காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகப் போகும் நேரத்தில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வெளியேறும். முட்டை நாற்றம் அதுதான்.

2001-இல் சென்னையிலிருந்த என் மச்சினரிடம் ஒரு பழைய கார் வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி, கன்வெர்ட்டரும் உண்டு. புஷ்பா தியேட்டர் பக்கம் நிற்கும்போதெல்லாம் நாற்றம். சாக்கடையாக இருக்கும் என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்வோம். அவிநாசி ரோட்டில் ஊரைத் தாண்டிய பிறகும் அது கூடவே வந்தபோதுதான், வண்டியில்தான் கோளாறு என்று புரிந்தது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், "ஏனுங்க சார், உள்ள இருக்கற அந்தக் கட்டிய உடைச்சு எடுத்துட்டா நாத்தம் போயிருமுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, நாற்றம் நிச்சயம் போயிருக்கும். ஆனால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு முழுசாக வெளியே வந்திருக்கும். அப்படி எடுத்துப்போட்டு ஓடிய வண்டிகள் அந்நாளில் நிறைய.

இன்னொரு பெரியவர் பானெட்டைத் திறந்து முதலில் பேட்டரியை முகர்ந்தார். பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனாலும் இதே நாற்றம் வருமாம். அது சரியாக இருந்தது. ஏர் பில்டரைக் கழற்றினார். பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசி மெத்தைபோல அடைத்திருந்தது! பில்டரை மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஐடிலிங்கைத் திருகிச் சரிசெய்தார். முக்கால்வாசி நாற்றம் போனது.

மீதிக் கால்வாசியை எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியாது, அது பெட்ரோலிலேயே இருந்தது. நாடு முழுவதற்கும் கந்தக அளவு 2005-இல் 500, 2010-இல் 150, 2017-இல் 50, 2020 ஏப்ரலில் 10 என்று படிப்படியாக இறங்கியது. அதற்கு இருபது வருஷம் ஆனது.

நம் நொய்யலுக்கும் இதே கதைதான். சாயத்தின் நிறத்தையும் நாற்றத்தையும் பற்றித்தான் அதிகம் பேசினோம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயத்தைக் கெடுத்தது, தண்ணீரில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் கரைந்திருந்த உப்பு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாம் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. நாற்றத்தை மட்டும் மறைத்திருந்தால் அந்த உப்பு இன்றும் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இன்றைய பெட்ரோலில் கந்தகம் மிகக் குறைவு. ஆகவே இப்போது முட்டை நாற்றம் வந்தால் பெட்ரோலைக் குறை சொல்லாமல் பேட்டரி, ஏர் பில்டர், ஆக்சிஜன் சென்சார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரை மட்டும் உடைக்க விடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வந்தால் மூக்கு உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்காது.