இலங்கையின் நேர மாற்றம் (1996–2006)

இலங்கை 1996 மே 25 அன்று தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரல் வரை திரும்பவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த இந்த ஏற்பாடு, மேல்நாடுகளின் பகலொளி சேமிப்பு நேரத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் அங்கே போல் கோடையில் முன்னே, குளிரில் பின்னே என்று பருவந்தோறும் மாறியதில்லை. மக்கள் பேச்சில் இதற்குப் பெயர் ‘புதிய நேரம்’. முன்பிருந்தது ‘பழைய நேரம்’.

பழைய நேரத்தின் வயது அப்போது தொண்ணூறு. 1906 ஜனவரி 1 அன்றுதான் தீவு கிரீனிச்சை விட 5 மணி 30 நிமிடம் முந்திய நேரத்துக்கு வந்தது. அதுவரை மொறட்டுவைச் சராசரி நேரம் என்ற ஒன்று இருந்தது. அது கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்தியது. கடிகாரத்தை முன்னே தள்ளியதும் 1996-இல் முதன்முறையாக அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரியில் அரை மணியும் அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு அரை மணியும் கூட்டப்பட்டன. 1945 அக்டோபரில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது.

1996-இல் காரணம் மழை. அந்நாளில் இலங்கையின் மின்சாரத்தில் பெரும்பகுதி மகாவலி, களனி ஆறுகளின் நீர்த்தேக்கங்களிலிருந்து வந்தது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்க, மின்வெட்டு நீண்டது. நாட்டின் மின்தேவை உச்சத்தைத் தொடுவது மாலை விளக்கேற்றும் வேளையில். கடிகாரம் ஒரு மணி முந்தினால் அலுவலகமும் கடையும் வெளிச்சம் இருக்கும்போதே மூடும், வீட்டு விளக்குகள் தூங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி குறைவாக எரியும் என்பது அரசின் கணக்கு. மாலைக்கு மட்டும் பார்த்தால் கணக்குச் சரி. காலையில் எரியும் விளக்கு அதில் இல்லை.

இலண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேர வித்தியாசம். ஆளில்லாத விடியலில் வீணாகும் வெளிச்சத்தை மாலைக்கு நகர்த்த அங்கே இடமுண்டு. கொழும்பில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இல்லை. சூரியன் பழைய நேரப்படி ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவிலேயே உதிக்கும். ஊரும் அதே வேளையில் எழும். நகர்த்துவதற்கு மிச்ச வெளிச்சம் இல்லாத இடத்தில் மாலைக்குக் கொடுத்ததைக் காலையிடமிருந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது.

பிடுங்கப்பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இலங்கைப் பாடசாலை காலை 7.30-க்குத் தொடங்கும். ஒரு மணி முந்திய நாள்களில் சூரியன் உதித்ததே ஏழுக்குச் சற்று முன்பின். தூரத்துப் பிள்ளை ஆறு மணிக்குக் காலுறையைத் தேடுவது விளக்கு வெளிச்சத்தில். பஸ்சுக்கு நடப்பது இருட்டில். அரை மணி குறைந்த பிறகும் ஜனவரி, பிப்ரவரியில் 6.55 வாக்கில்தான் சூரியன் தலைகாட்டியது. புதிய நேரத்தின் மீது பெற்றோருக்கு இருந்த மனக்குறை பத்தாண்டும் ஆறவில்லை.

சோதிடர்களின் ஆட்சேபம் வேறு வகை. பஞ்சாங்கம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணும். அதற்கு அரசாங்கக் கடிகாரம் ஒரு பொருட்டல்ல. சுவர் நாட்காட்டியின் பாடுதான் திண்டாட்டம். திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்று மனப்பாடமாக வைத்திருந்தவர், அதை எட்டு முதல் ஒன்பதரை என்று மாற்றிப் படிக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குப் பின் உண்ணாத பௌத்த பிக்குகளுக்கும் இதே சங்கடம்: கொழும்பில் சூரியன் உச்சிக்கு வருவது பழைய நேரப்படி சுமார் 12.10, புதிய நேரத்தில் 12.40. பல விகாரைகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன.

மறுபக்கத்தில் நின்றவர்களும் உண்டு. கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 2006-இல் ஐந்தரைக்குத் திரும்புவதை விரும்பவில்லை. வெளிநாடுகளோடு தொடர்பு வைத்திருப்பவர்களுக்கு அரை மணிக் கணக்கு இடைஞ்சல் என்பது அவர் வாதம். கிரீனிச்சிலிருந்து சரியாக ஆறு மணி என்பது கணக்குப் போட எளிதுதான். இருட்டில் பஸ்சுக்கு நிற்கும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நேரம் எல்லைக்கோடாக மாறியது வடக்கில். விடுதலைப் புலிகள் 1996-ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவே இல்லை; அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இயங்கியது. யாழ்ப்பாணம் அதற்குள் இராணுவத்தின் கைக்கு வந்துவிட்டதால் அங்கே புதிய நேரம். போர்நிறுத்தத்தையொட்டி 2002-இல் ஏ9 வீதி திறந்தபோது, இந்த அரை மணியைப் பயணிகள் கையில் கட்டிக்கொண்டு போனார்கள். வவுனியாவில் புதிய நேரம். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் பழைய நேரம். முகமாலை தாண்டினால் மறுபடி புதிய நேரம். யாழ்ப்பாணத்து ஒன்பது மணி கிளிநொச்சியில் எட்டரை. ஒருவரோடு சந்திப்புக்கு மணி குறித்தால், பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டே ஆக வேண்டும். சென்னையும் கிளிநொச்சியும் ஒரே நேரத்தில் இருக்க, கொழும்பு இரண்டுக்கும் அரை மணி முந்தி நின்றது.

பழைய நேரம் திரும்பியது 2006-ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு இரவில், மகிந்த ராஜபக்ச ஆட்சியில். ஏப்ரல் 15 பின்னிரவு 12.30 என்று காட்டிய கடிகாரங்கள் நள்ளிரவு 12-க்குத் திருப்பப்பட்டன. அந்த ஏப்ரல் 15-க்கு மட்டும் இருபத்துநான்கரை மணி நேரம். கணினிகளின் நேரப் பட்டியலில் இலங்கைத் தலைநகர் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவுக்கு ஆறு மணி என்றிருந்த தனி வரியையும் ஐந்தரையாக மாற்ற வேண்டி வந்தது. ஓமந்தைக்கு இப்பாலும் அப்பாலும் பத்தாண்டுக்குப் பின் ஒரே மணி அடித்தது. நான்கு மாதத்தில், ஆகஸ்டில், முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 வீதி மூடப்பட்டது.