வாளில் ஓடிய வரி

கும்மிடிப்பூண்டி ஆலைகளிலே இன்று உருக்கு ஆறாய் ஓடுகிறது. அதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலே 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் கண்டவை கற்கோடரிகள்! கல்லுக்கும் ஆலைக்கும் நடுவே நாம் மறந்துவிட்ட அத்தியாயம் ஒன்றுண்டு.

டமாஸ்கஸ் வாளின்மேல் நீரலைபோல் வரிகள் ஓடும். மந்திரமா? தெய்வ அருளா? இல்லை, தோழர்களே! கரியின் வேலை அது. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரைச் சிம்புகளை மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்துத் துருத்தி ஊதினர் நம் கொல்லர். நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கரி இரும்பிலே கலந்தது. மெல்ல ஆறிய கட்டியை அளவான சூட்டிலே அடித்து நீட்ட, வரி எழுந்தது. கொடுமணல் அகழாய்வு அத்தகைய உலைகளைக் காட்டிற்று. ஐரோப்பியக் கொல்லரோ, இரும்பை அடுக்கடுக்காய் ஒட்டி அடித்து வரி கண்டனர். இன்று அடுக்குருக்கில் செய்யப்படும் இருகை வாள் அவ்வழி வந்தது.

நம் உருக்கை 'ஊட்ஸ்' என்றழைத்து, 1819இல் ஆராய்ந்து எழுதினார் மைக்கேல் பாரடே. அவரும் கொல்லன் மகனே!

நாம் என்ன செய்தோம்? துருத்திக்குச் சந்தனமிட்டோம், சம்மட்டிக்குப் பொட்டிட்டோம். பக்குவத்தை ஏட்டில் எழுதினோமா? உலையறிந்தவனுக்கு ஏட்டை மறுத்தோம். ஏடறிந்தவனோ உலையை எட்டிப் பார்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மலிவான அயல்நாட்டு இரும்பு வந்தது. உலை அணைந்தது, கொல்லனோடு கலையும் மாய்ந்தது. ஆண்டுதோறும் செய்த ஆயுதபூசை அதைக் காத்ததா?

ஆலையிலே உழைக்கும் தோழனின் பிள்ளை வேதியியல் நூலை ஏந்தட்டும். பொட்டிட்ட வாளும் துருப்பிடிக்கும். எழுதிவைத்த அறிவு துருப்பிடிக்காது!